ஊசி இறங்காத மண்

காலை ஏழு மணியாக ஐந்து நிமிடம் இருக்கும்போது பின்கதவு திறக்கும். முதலில் ஒரு கை மட்டும் வெளியே வரும். விரல்களை விரித்துக் குளிரைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடும். கொஞ்சம் கழித்துத்தான் நாகலட்சுமி அக்கா முழுதாக வருவார். சேலைக்கு மேல் கணவரின் பழைய ஓவர்கோட், காலில் வீட்டுக்காரம்மாவின் ரப்பர் பூட்ஸ், கையில் கம்பளி பின்னுகிற நீளமான எஃகு ஊசி. நான்கு படி இறங்கி, வேலியோரத்துப் பாத்தியின் வடக்கு முனையில் குந்துவார். ஊசியைச் செங்குத்தாக மண்ணில் நிறுத்தி, ஒற்றை விரலால் அதன் தலையை அழுத்துவார். சிரமமில்லாமல் இறங்கும். வெளியே எடுத்து, எவ்வளவு தூரத்துக்கு மண் ஒட்டியிருக்கிறது என்று கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். கோட்டு ஓரத்தில் துடைப்பார். பிறகு அடுத்த முனை. நான்கு முனையிலும் ஒவ்வொன்று, நடுவில் ஒன்று. ஐந்து குத்து முடிந்ததும் ஊசியைக் கொண்டையில் செருகிக்கொண்டு படியேறிப் போய்விடுவார்.

அந்த ஐந்து குத்துக்குள் ஓர் இலைகூட அவர் மேல் உரசாது. கோட்டின் கீழ்ப்பகுதியை இடக்கையால் சுருட்டிப் பிடித்துக்கொண்டுதான் குந்துவார்.

1976 நவம்பர் மாதம் முழுக்க இதை நான் என் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வாரம், ஏதோ விரதம் என்று நினைத்தேன். இரண்டாவது வாரம், மண்ணுக்கு ஊசி போடுகிறார் என்று நோட்டில் ஒரு வரி எழுதி வைத்தேன். கேட்கத்தான் இல்லை. எனக்குக் கேள்விகள் வரும், வாய் வராது.

டொராண்டோவில் டான்ஃபோர்த் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் அந்த வீடு. கீழ்த்தளத்தில் வீட்டுக்காரம்மா மிஸஸ் கோவால், போலந்துக்காரர், எழுபது தாண்டியவர். நடுத்தளத்தில் யாழ்ப்பாணத்துத் தம்பதி: ஏகாம்பரமும் நாகலட்சுமி அக்காவும். அவர் ஒரு பொறியியல் அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவர். அக்கா ஸ்பாடினாவில் ஒரு தொழிற்சாலையில் குளிர் கோட்டுகளுக்குப் பொத்தான் தைக்கிறவர். கூரைக்குக் கீழே, நிமிர்ந்தால் தலை இடிக்கும் அறையில், கும்பகோணத்திலிருந்து படிக்க வந்த நான். சாப்பாடு அவர்களோடுதான்.

வந்த புதிதில் நான் ஏகாம்பரத்தை 'சார்' என்று கூப்பிட்டேன்.

"சார் எண்டு கூப்பிடாதையும் தம்பி," என்றார் அவர். "பின்னாலை திரும்பி ஆரோ வாத்தியார் நிக்கிறார் எண்டு பாக்கிறன்."

ஆனாலும் 'சார்'தான் வந்தது. அக்காவை மட்டும் முதல் நாளிலிருந்தே அக்கா என்று சொல்ல முடிந்தது.

அந்த அக்டோபரில் மிஸஸ் கோவால் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஒஷாவாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போவதாகவும், மே மாதம்தான் திரும்புவதாகவும் ஏற்பாடு. நாங்கள் மூவரும் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனோம். படுத்த வாக்கிலேயே அவர் கேட்ட முதல் கேள்வி, ஸ்ட்ராபெரிச் செடிகள் எப்படி இருக்கின்றன என்பது.

வேலியோரம் மூன்று வரிசை, வரிசைக்குப் பதினாறு, நாற்பத்தெட்டுச் செடி. அவருடைய கணவர் வைத்தது. குளிர் காலத்துக்கு அவற்றை எப்படித் தயார்செய்ய வேண்டும் என்று மிஸஸ் கோவால் விரல் விட்டுச் சொன்னார். செடியிலிருந்து கயிறு மாதிரி ஓடுகிற கொடிகளை வெட்டிவிட வேண்டும். பழுத்த இலையைக் கிள்ள வேண்டும். பிறகு வைக்கோலால் மூட வேண்டும். ஆனால் அவசரப்படக் கூடாது. மண் உறைந்த பிறகுதான் மூட வேண்டும். அதற்கு முன் மூடினால் செடி இன்னும் இலையுதிர் காலம் என்று நினைத்துக்கொண்டு இளக்கமாகவே இருக்கும், அழுகிப் போகும்.

"நீதானே என் தோட்டத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தாய்?" என்று அக்காவைப் பார்த்தார். "மே மாதம் வருவேன். செடி உயிரோடு இருந்தால், துணி காயப்போடும் கம்பத்திலிருந்து கராஜ் வரை உள்ள நிலம் உனக்கு. என்ன வேண்டுமானாலும் போட்டுக்கொள். செத்துப் போயிருந்தால், அது புல்லாகவே இருக்கட்டும்."

அக்கா இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த நிலம் அது. வரும் வழியெல்லாம் ஸ்ட்ரீட்கார் டிராமில் அவர் விரல் மடக்கிக்கொண்டே வந்தார். இறங்கும்போது, "கம்பத்திலையிருந்து கராஜ் எண்டால் இருபத்திரண்டு அடி நீளம்," என்றார். எப்போது அளந்தாரோ.

மறுநாளே வீட்டில் தகராறு.

"குளிர் வந்தாப் பிறகு போத்தி என்ன பிரயோசனம்?" என்றார் ஏகாம்பரம். "பிள்ளையைக் குளிப்பாட்டி, நல்லா விறைக்க விட்டிட்டே துவாய் குடுக்கிறது?"

"மனிசி சொன்னதை நீங்களும் கேட்டனீங்கள்தானே?"

"மனிசிக்கு மருந்து மயக்கம். மாறிச் சொல்லுது."

"அப்ப அவவின்ரை புருசன் முப்பது வருசம் மயக்கத்திலையே செய்தவர்?"

எந்த நாள் மண் உறையும் என்பதற்கு மிஸஸ் கோவால் ஓர் அளவு சொல்லியிருந்தார்: இருபது டிகிரிக்குக் கீழே மூன்று நாள் போகட்டும். அதிலும் ஒரு சிக்கல். ரேடியோ போன வருஷமே செல்சியஸுக்கு மாறிவிட்டது. கீழ்ச் சமையலறை ஜன்னலில் தொங்கும் வெப்பமானி இன்னும் பழைய ஃபாரன்ஹீட். எந்த இருபது என்று ஏகாம்பரம் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். அக்கா அதைப் பார்த்துவிட்டு, மிஸஸ் கோவாலின் பின்னல் கூடையிலிருந்து ஓர் ஊசியை எடுத்துக்கொண்டார். மண்ணையே கேட்டுவிடுவது என்று.

கொடி வெட்டுகிற வேலை எனக்கும் ஏகாம்பரத்துக்கும் வந்தது. அக்கா படியில் நின்று ஊசியால் காட்டுவார். "அது இல்லை தம்பி, மற்றது. ஓம், அதுதான், வெட்டும். ஐயோ, தாய்ச்செடியை விடும்!" நிலம் கேட்டவர் அவர், பாத்தியில் மண்டியிட்டவர்கள் நாங்கள். ஏகாம்பரம் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டில் எந்த வேலையானாலும் அக்கா சொல்ல அவர் செய்வதுதான் வழக்கம். எனக்குத்தான் உறுத்தியது. சமையலறையில் எல்லாவற்றையும் கையாலேயே கிளறி, பிசைந்து, உருட்டுகிற ஒருவர், ஒரு பழுத்த இலையைக் கிள்ள ஏன் என்னைக் கூப்பிடுகிறார்?

ஒரு சனிக்கிழமை, அவர் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தபோது எப்படியோ கேட்டுவிட்டேன்.

"ஏங்க்கா, நீங்க மட்டும் அந்தச் செடியத் தொடவே மாட்டேங்கிறீங்க?"

கை நின்றது. பிறகு மறுபடி குழைத்தது.

"புத்தகத்துக்குள்ளை தலையை வைச்சுக்கொண்டு இருக்கிறீர் எண்டு பாத்தால், உதெல்லாம் பாக்கிறீரோ?"

"சும்மா கேட்டேன்க்கா."

"என்ரை கை விளங்காது தம்பி," என்றார். "கைராசி இல்லை. கலியாணம் முடிச்சு இவரின்ரை வீட்டை போன உடனை ஆசைப்பட்டு மரம் வைச்சனான். தேசி வைச்சன், நீங்கள் சொல்லுற எலுமிச்சை. கறிவேப்பிலை வைச்சன். ஒரு மாதத்திலை பட்டுப் போட்டுது. பிறகு முருங்கைத் தடி. முருங்கை தெரியும்தானே, சும்மா வெட்டிக் குத்தினாலே தளைக்கும். என்ரை கையாலை குத்தினது அப்பிடியே விறகாப் போச்சுது. மாமி கண்டிட்டு, 'பிள்ளை, நீ இனி ஒண்டையும் தொடாதை, உனக்குக் கை விளங்காது' எண்டா. கோவத்திலை சொல்லேல்லை. சாதாரணமாத்தான் சொன்னவ. அதுதான் எனக்குச் சுட்டுது."

"அதுக்கப்புறம்?"

"அதுக்குப் பிறகு பதினொரு வருசம். ஒரு பூக்கண்டு தொட்டதில்லை."

"அப்ப இந்த இருபத்திரண்டு அடி எதுக்குக்கா?"

இந்தக் கேள்விக்கு அவர் சிரித்தார். "இது வேறை மண்தானே. இதுக்கு என்னைத் தெரியாது. முதல் இந்த நாற்பத்தெட்டும் தப்பட்டும். நான் பொறுப்பெடுத்தது தப்பினால், பிறகு என்ரை கையாலை ஒரு மிளகாய்க் கண்டு வைச்சுப் பாப்பன். தப்பாட்டில், மாமி சொன்னது சரி." மாவை உதிர்த்துப் பார்த்தார். "அதுவரைக்கும் நீங்கள் ரெண்டுபேரும் தொடுங்கோ. நான் தொட்டுக் கெடுக்கக் கூடாது."

மே மாதம் என்பது அவருக்கு எவ்வளவு பெரிய தேதி என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

வைக்கோலுக்கு ஸ்ரௌவ்வில் என்ற ஊர்ப் பக்கம் ஒரு பண்ணைக்குப் போனோம். இரண்டு கட்டு கேட்டோம். பண்ணைக்காரர் எங்கள் மூவரையும், அக்காவின் சேலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எத்தனை குதிரை வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். "நாற்பத்தெட்டு ஸ்ட்ராபெரி," என்றார் ஏகாம்பரம், முகம் மாறாமல். இரவல் வாங்கி வந்த காரின் டிக்கி மூடவில்லை. வழியெல்லாம் சாலையில் வைக்கோல் சிந்திக்கொண்டே வந்தோம்.

நவம்பர் கடைசியில் ஒருநாள் காலை, அக்கா ஊசியை அழுத்தினார். அது வில்லாக வளைந்தது. அடுத்த முனைக்குப் போனார். அங்கேயும் வளைந்தது. ஐந்து இடமும். அண்ணாந்து என் ஜன்னலைப் பார்த்து, "தம்பி! இறங்கேல்லை!" என்று கத்தினார். நான் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

அன்று மாலை நானும் ஏகாம்பரமும் வைக்கோலை உதறி, ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பினோம். இலைகள் அதற்குள் தரையோடு படிந்து, கருஞ்சிவப்பாக, கையில் பட்டால் நொறுங்குகிற மாதிரி இருந்தன. இதற்குள்ளா உயிர் இருக்கிறது என்று தோன்றியது. "காலடியிலை இன்னும் கொஞ்சம். தலைமாட்டிலை காணாது," என்று அக்கா படியிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். செடிக்குத் தலைமாடு எது கால்மாடு எது என்று ஏகாம்பரம் கேட்டார். அக்கா அடுத்த வரிசையைக் காட்டினார்.

அதோடு வேலை முடிந்திருக்க வேண்டும்.

டிசம்பர் தொடக்கத்தில் கார்த்திகை விளக்கீடு வந்தது. ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்தே அக்கா ஏகாம்பரத்தின் பழைய வேட்டியைக் கீலம் கீலமாகக் கிழித்து, கராஜில் கிடந்த குச்சிகளின் நுனியில் சுற்றிக்கொண்டிருந்தார். வெண்ணெயை உருக்கி எடுத்த நெய்யில் அவற்றை ஊறப்போட்டார்.

"இதென்னக்கா?"

"பந்தம். வாசல், கிணத்தடி, மரத்தடி, தோட்டம், எல்லா இடமும் குத்தி வைப்பம். உங்கடை ஊரிலை மரம் செடிக்கு வெளிச்சம் காட்டிறேல்லையோ?"

"இல்லக்கா. வாசல்ல, மாடத்துல அகல் வைப்போம். பொரி உருண்டை பிடிப்போம்."

"அப்ப மரமெல்லாம் இருட்டுக்கை நிக்குமோ? பாவங்கள்."

"நாங்களே பொரி உருண்டைக்குள்ள இருப்போம்க்கா, மரத்த யாரு பாக்குறா?"

நாலரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிட்டது. முன்வாசல், பக்கவாட்டுக் கதவு, தண்ணீர்க் குழாய், கராஜ் வாசல் ஆகிய நான்கு இடங்களிலும், படி வழுக்காமல் தூவுவதற்கு வைத்திருந்த உப்பு மணலை டின்களில் நிரப்பி அதில் பந்தங்களைக் குத்தினோம். அதோடு டின் தீர்ந்தது. பாத்தியின் நான்கு மூலைக்கும் நான்கு பந்தம் மிச்சம். ஊசியே இறங்காத மண்ணில் குச்சி எப்படி இறங்கும்? ஏகாம்பரம் சுத்தியலால் ஓங்கி அடித்தார். குச்சி இரண்டாகப் பிளந்தது.

"வைக்கலுக்கை குத்துவம்," என்றார் அக்கா.

"நெருப்புப் பத்தாதோ?"

"எப்பிடிப் பத்தும்? மேலை ஸ்நோ கிடக்கு. வைக்கல் முழுக்க நனைஞ்சுபோய்க் கிடக்கும்."

முந்தின நாள் லேசாகப் பனி பெய்து, வைக்கோல் மேல் மாவு சலித்த மாதிரி வெண்மை இருந்தது. பனி என்றால் தண்ணீர், தண்ணீர் என்றால் நனையும், நனைந்தது எரியாது. எங்கள் மூவருக்கும் அதில் சந்தேகமே இல்லை. நானும் தலையாட்டினேன். நெருப்பும் வைக்கோலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று தெரியாத ஊரிலிருந்து நாங்கள் வரவில்லை. அந்தக் குளிரில் பனி யாரையும் நனைப்பதில்லை, அது வெறும் உலர்ந்த தூள், அதன் கீழே வைக்கோல் பொரித்த அப்பளம் மாதிரிக் கிடக்கும் என்பதுதான் தெரியாத விஷயம்.

நான்கு பந்தமும் எரிந்தன. ஒரு நிமிடம் அழகாகத்தான் இருந்தது. வெள்ளைக்கு மேல் நான்கு மஞ்சள் நாக்கு. அக்கா கைகூப்பி நின்றார். அப்போது வேலியைத் தாண்டி ஒரு காற்று வந்தது.

வடக்கு மூலைப் பந்தம் சாய்ந்தது. 'புஸ்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பனித்தூள் பறந்தது, தீ வரிசையோடு ஓடியது. ஏகாம்பரம் குழாயைத் திருகினார். குளிருக்காக அதை நாங்களே அடைத்து வைத்திருந்தோம். நான் மாடிக்கு ஓடி, சோற்றுப் பானையில் தண்ணீர் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

"ஊத்தாதையும்! தண்ணி ஊத்தினால் விறைச்சுப் போடும்!" என்று கத்தினார் ஏகாம்பரம்.

"எரியுது சார்!"

"எரிஞ்சாலும் ஊத்தாதையும்!"

பக்கத்து வீட்டுக் கிரேக்கக் கிழவர் வேலிக்கு மேல் தலையை நீட்டி, "பார்பெக்யூவா?" என்று கேட்டார். விஷயம் புரிந்ததும் பனி அள்ளும் மண்வெட்டியை இந்தப் பக்கம் வீசினார்.

நாங்கள் பானையோடும் மண்வெட்டியோடும் மோதிக்கொண்டிருந்தபோது அக்கா பாத்திக்குள் போய்விட்டார். கோட்டைச் சுருட்டிப் பிடிக்கவில்லை. மண்டியிட்டு, எரிகிற வைக்கோலை வெறுங்கையால் அள்ளி அள்ளிப் புல் பக்கம் எறிந்தார். செடியோடு ஒட்டிக் கனன்றதை இலை இலையாகத் தட்டி அணைத்தார். ஒவ்வொரு செடியாக. நாற்பத்தெட்டுக்கும் அந்தக் கை போனது.

ஐந்து மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பாத்தி கறுப்பாக, மொட்டையாக, புகைந்துகொண்டு கிடந்தது. பாதிச் செடிகளில் இலையே இல்லை. தரையோடு ஒரு குருத்துக் கட்டை மட்டும். மறுபடி மூட வைக்கோல் வேண்டும்; ஞாயிற்றுக்கிழமை, கடை எதுவும் திறந்திராது. பண்ணைக்குப் போன் போட்டோம், எடுக்கவில்லை. ரேடியோ அன்று இரவுக்குப் பூச்சியத்துக்குக் கீழே பதினெட்டு என்றது. எந்த அளவில் என்று யாரும் கேட்கவில்லை.

ஏகாம்பரம் மண்வெட்டியை வேலியில் சாய்த்தார். பிறகு உள்ளே போனார். அலுவலகத்தில் கழித்துப் போட்ட வரைபடங்களை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது வழக்கம். நீல நிறத்தில், சுருள் சுருளாக, அலமாரி நிறைய. அக்கா தட்டுக்கு விரிக்க ஒன்று கேட்டால்கூட யோசித்துக் கொடுப்பார். அதை அப்படியே அள்ளிக்கொண்டு வந்து புல்லில் போட்டார்.

"கசக்கும்," என்றார் என்னிடம். "நல்லாக் கசக்கிப் பந்தாக்கும். இடையிலை காத்து நிக்க வேணும்." அக்காவிடம், "நீ உள்ளை போ. கை வெந்திட்டுது. நாங்கள் பாக்கிறம்."

"இனி என்னத்துக்குக் கையை ஒளிக்கிறது?" என்றார் அக்கா. "என்ரை கையாலை சாகிறதெண்டால் இப்பவே செத்திருக்கும். தாங்கோ இஞ்சை."

நாங்கள் கசக்கிக் கொடுத்தோம். அவர்தான் வைத்தார். ஒவ்வொரு செடியையும் சுற்றி, காது மூடுகிற மாதிரி அண்டக்கொடுத்து வைத்தார். எங்கோ ஓர் ஊரின் கழிவுநீர்க் குழாய்களும் பாலங்களும் ஸ்ட்ராபெரிக்கு மேல் நீலமாகக் குவிந்தன. அதற்கு மேல் அரிசிச் சாக்குகளைப் பிரித்துப் போட்டு, துணிக்கயிற்றால் கட்டினோம்.

ஞாயிறு ஆறு மணிக்கு மிஸஸ் கோவால் ஒஷாவாவிலிருந்து போன் செய்வார். அன்றும் செய்தார். அக்கா ஒரு கையைத் தண்ணீர்க் கிண்ணத்தில் அமிழ்த்திக்கொண்டு மறு கையால் போனைப் பிடித்தார்.

"ஆமாம், மிஸஸ் கோவால். நன்றாக மூடியிருக்கிறது. ஆமாம். நானே பார்த்தேன்."

வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். "பொய் ஒண்டும் சொல்லேல்லைத்தானே?"

"இல்லை," என்றார் ஏகாம்பரம். "மூடித்தான் கிடக்கு."

சிரிக்க முடியவில்லை யாருக்கும்.

அந்தக் குளிர்காலம் போல ஒன்றை நான் பிறகு பார்க்கவில்லை. வாரக்கணக்கில் பனி. சாக்கும் கயிறும் எங்கே இருக்கின்றன என்றே தெரியாமல் பாத்தி ஒரு வெள்ளைத் திட்டாகிவிட்டது. குத்திப் பார்க்க எதுவும் இல்லாததால் அக்கா காலையில் கதவைத் திறந்து, நின்று, மூடிக்கொண்டு போய்விடுவார். உள்ளங்கையில் தோல் உரிந்து புதிதானது. ஒரு வாரம் பொத்தான் தைக்க முடியவில்லை. செடியைப் பற்றி அவர் பேசவே இல்லை. கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை.

ஏப்ரல் முதல் வாரம் சாக்கைப் பிரித்தோம். காகிதம் கூழாகி, மண்ணோடு ஒட்டிக் கிடந்தது. அக்கா பின்னல் ஊசியால் அதை ஏடு ஏடாக விலக்கினார். முதல் செடி கறுப்பு. இரண்டாவது கறுப்பு. மூன்றாவதில், கறுப்புக் கட்டைக்கு நடுவே, மூடிய குடை மாதிரி மடங்கிய ஒரு பச்சை, அரிசி அளவு.

"தம்பி, இதென்ன பாசியோ?"

"இலைக்கா."

"வடிவாப் பாத்துச் சொல்லும்."

குனிந்து பார்த்தேன். ஓரங்களில் மிக நுண்ணிய பல். "இலைதான்."

அன்று பத்தொன்பது. மாதக் கடைசியில் முப்பத்தொன்று. பதினேழு வரவே இல்லை.

மே இரண்டாவது வாரம் மகளின் காரில் மிஸஸ் கோவால் வந்து இறங்கினார். வீட்டுக்குள் போகாமல், கைத்தடியை ஊன்றிக்கொண்டு நேரே பாத்திக்கு நடந்தார். அக்கா பின்னால். நானும் ஏகாம்பரமும் படியில். மிஸஸ் கோவால் வெகுநேரம் பார்த்தார். பிறகு தடியால் மண்ணைக் கிளறினார்.

"இது என்ன நீலமாக?"

அக்கா சொன்னார். பந்தம், வைக்கோல், காற்று, கை, காகிதம், எல்லாவற்றையும் தன் பக்டரி ஆங்கிலத்தில், ஒன்றும் விடாமல். போனில் சொல்லாததையும் சொன்னார். மிஸஸ் கோவால் தடியில் சாய்ந்து நின்றார். முடிந்ததும் ஒன்றுதான் கேட்டார்.

"செடிக்கு எதற்கு விளக்கு? எங்கள் ஊரில் மண்ணில் விளக்கு வைத்தால் கீழே செத்தவர்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். நவம்பரில் கல்லறைக்குப் போய் வைப்போம்."

"இது உயிரோடு இருப்பவற்றுக்கு," என்றார் அக்கா.

கிழவி அதை யோசித்தார். யோசித்தபடியே எண்ணினார். முப்பத்தொன்று.

"பதினேழு போயிற்று," என்றார் அக்கா, அவர் சொல்வதற்கு முன்பே.

"உயிரோடு இருந்தால் என்றுதான் சொன்னேன். எல்லாமும் என்று சொல்லவில்லை. என் புருஷன் வைக்கோல் போட்டு, ஒரு தீயும் வைக்காமல், ஒரு வருஷம் இருபதைக் கொன்றிருக்கிறார்." தடியைத் தூக்கிக் கம்பத்தைக் காட்டினார். பிறகு கராஜை. "கொத்திக்கொள். வேலிப்பக்கம் விளக்கு மட்டும் வேண்டாம்."

அன்று மாலையே அக்கா கொத்தத் தொடங்கினார். ஏகாம்பரம் உதவிக்குப் போனபோது மண்வெட்டியைக் கொடுக்கவில்லை. மிளகாய், கத்தரி, பயித்தங்காய். ஒவ்வொரு கன்றையும் அவரே வைத்தார், அவரே மண் அணைத்தார். ஆகஸ்டில் பயித்தங்கொடி கராஜ் கூரைக்கு ஏறிவிட்டது. தெருவில் யாருக்குச் செடி நட வேண்டியிருந்தாலும் கிரேக்கக் கிழவர் வேலிக்கு மேலிருந்து அக்காவைக் கூப்பிட ஆரம்பித்தார். பொத்தான் தைக்கிற விரல்களில் நகத்தோரம் மண் நிரந்தரமாயிற்று. எனக்கும் ஜன்னலிலிருந்து பார்க்க நிறைய இருந்தது.

1978 அக்டோபரில் நானும் ஏகாம்பரமும் மட்டும் வைக்கோலுக்கு அதே ஸ்ரௌவ்வில் பண்ணைக்குப் போனோம். பேச்சு வாக்கில், அக்கா ஊரில் வைத்த மரங்கள் பட்டுப்போனதைப் பற்றிச் சொன்னேன். அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

"எந்த மரங்கள்?" என்றார்.

"எலுமிச்சை, கறிவேப்பிலை, முருங்கை. கல்யாணம் ஆன புதுசுல."

"ஓ, மேற்கு மூலையிலையோ?" கையைக் காட்டிக் காரைத் திருப்பினார். "அந்தப் பக்கத்துக் கிணறு உவர் தம்பி. உப்புத் தண்ணி. அங்கை ஒண்டும் வராது. எங்கடை கலியாணத்துக்கு முதலே அம்மா அதிலை மூண்டு மாதுளை வைச்சவ. மூண்டும் போட்டுது."

"அக்காவுக்கு இது தெரியுமா சார்?"

"எது? கிணறோ?" அவர் யோசித்தார். "கேட்டிருந்தால் சொல்லியிருப்பன். அவ கேக்கேல்லையே."

அது வீட்டில் எல்லோரும் அறிந்த மூலையாம். புதிதாக வந்த பெண் மரம் வைக்க இடம் கேட்டபோது, சும்மா கிடந்தது அது ஒன்றுதானாம்.